பற்றுமா, பற்றாதா?

அன்புள்ள வாசகருக்கு,

பெயின்ட் கடை நடத்தும் உங்களுக்கு வந்திருக்கும் சந்தேகம் நியாயமானது. ஒரு தின்னர் டின்னில் ‘ஃப்ளேமபிள்’ என்றும், இன்னொரு கம்பெனியின் டின்னில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்றும் அச்சிட்டிருக்கிறது. முன்னால் ‘இன்’ சேர்ந்தால் எதிர்ப்பொருள் என்றுதானே பள்ளியில் படித்தோம், அப்படியானால் இரண்டாவது டின் தீப்பிடிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றும். இரண்டையும் அடுப்பு, பீடி, வெல்டிங் பொறி எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

குழப்பத்துக்குக் காரணம் லத்தீன். அந்த மொழியில் ‘இன்’ என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. ஒன்று மறுப்பது, ‘இன்கரெக்ட்’, ‘இன்விசிபிள்’ என்பவற்றில் இருப்பது. நீதி, அநீதி ஆகும்போது முன்னால் வந்து நிற்கும் வடமொழி ‘அ’ அதற்குத் தூரத்து உறவு. மற்றொரு ‘இன்’ உள்நோக்கிப் போவதைக் காட்டுவது. மூச்சை உள்ளிழுக்கும் ‘இன்ஹேல்’ அந்த வகை. சுடருக்கு லத்தீனில் ‘ஃப்ளாமா’ என்று பெயர். அதனுடன் இந்த இரண்டாவது ‘இன்’ சேர்ந்து தீ மூட்டுவதைக் குறிக்கும் வினையானது. அந்த வழியில் வந்த ‘இன்ஃப்ளேமபிள்’ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘ஃப்ளேமபிள்’ தலைகாட்டியதோ 19ஆம் நூற்றாண்டில்தான். ஆக, வயதில் மூத்ததும் இலக்கணத்தில் குற்றமற்றதும் உங்களைக் குழப்பிய அந்தச் சொல்தான்.

ஆனால் எச்சரிக்கைப் பலகைக்கு இலக்கணச் சுத்தம் மட்டும் போதாது. அவசரத்தில் படிக்கிறவர், அரைகுறையாக ஆங்கிலம் தெரிந்தவர், தூக்கக் கலக்கத்தில் லாரி ஓட்டுகிறவர் எல்லாருக்கும் அது ஒரே பொருளைத் தர வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் இதை உணர்ந்து, ‘இன்’னை வெட்டிவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதும்படி வற்புறுத்தியது. பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனமும் 1959இல் அதே பக்கம் சாய்ந்தது. நம் ஊர் டேங்கர் லாரிகளின் முதுகில் மட்டும் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சொல்லை நம்பித் தீயிடம் ஏமாறுவதைக் கூர்ந்து பார்த்தவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியலில் பெரும்பெயர் பெற்ற இவருக்குச் சோறு போட்ட வேலை தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில். பெட்ரோல் நிறைந்த டிரம்களின் அருகே ஜாக்கிரதையாக நடப்பவர்கள், ‘காலி’ டிரம் என்றதும் சிகரெட் பற்றவைக்கத் தயங்குவதில்லை என்று அவர் எழுதினார். டிரம்மில் காலியானது திரவம்தான்; ஆவி உள்ளேயே இருக்கிறது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். தின்னர் ஆவியும் இப்படித்தான் பற்றும். எனவே உங்கள் கடையின் காலி டின்களும் எச்சரிக்கைக்கு உரியவையே.

இந்தக் குடும்பத்தின் மற்றவர்களையும் அறிந்துகொள்ளுங்கள். தீப்பற்றாதது ‘நான்-ஃப்ளேமபிள்’, எதிர்ப்பொருள் வேண்டுமென்றால் அந்தச் சொல்லைத்தான் தேட வேண்டும். ‘கம்பஸ்டிபிள்’ என்றால் எரியக்கூடியது. 2012 வரை இருந்த அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிப்படி, ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 37.8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்த திரவம் ஃப்ளேமபிள், அதற்கு மேல் என்றால் கம்பஸ்டிபிள் எனப்பட்டது. ‘இன்ஃப்ளமேட்டரி’யோ டின்னில் வராது. கலவரத்தைத் தூண்டும் பேச்சுக்கும், உடம்பில் சிவந்து வீங்கும் அழற்சிக்கும் அது உரியது. வலி மாத்திரை அட்டையில் ‘ஆன்டி’யோடு சேர்த்துப் பார்த்திருப்பீர்கள். அழல் என்றால் நெருப்பு. அழற்சி என்று பெயரிட்டவர்களும் லத்தீன்காரர்களைப் போலவே நோயில் தீயைத்தான் கண்டிருக்கிறார்கள்.

குடோன் பலகையில் என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ‘எளிதில் தீப்பற்றும் பொருள். புகைபிடிக்கக் கூடாது’ என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். சுமை இறக்க வருகிறவர்களில் இந்தி மட்டும் தெரிந்தவர்கள் இருந்தால் இந்தியிலும் எழுதுங்கள். ஆங்கிலம் வேண்டுமென்றால் ‘ஃப்ளேமபிள்’ போதும். மேலே சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புச் சுடர் ஒன்றை வரையச் சொல்லுங்கள். எழுத்தே தெரியாதவருக்கும் புரியட்டும் என்று உலக நாடுகள் ஒத்துக்கொண்ட சின்னம் அது. காலி டின் அடுக்கும் மூலைக்கும் அதே பலகை இன்னொன்று செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்