வீடு திரும்பிய பின் தொடங்கும் செலவு



தந்தையைப் பக்கவாதம் தாக்கிய வீட்டில் சம்பாதிக்கும் பிள்ளையின் தலையில் இறங்கும் செலவு இரண்டு வகைப்பட்டது. மருத்துவமனையில் சில நாள்களில் முடிந்துவிடுவது ஒன்று. வீடு திரும்பிய பின் மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நீள்வது மற்றொன்று. முன்னது ஒரே ரசீதில் பெருந்தொகையாக வந்து நிற்பதால் எல்லோருக்கும் தெரிகிறது. பின்னது இயன்முறை மருத்துவம், உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளம், மாத்திரை, டயப்பர், மறுபரிசோதனைக்கான வண்டி வாடகை என்று சிறுகச் சிறுக வருவதால் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. கையிருப்பு முழுவதையும் முன்னதிலேயே கரைத்துவிட்டவர்களுக்குப் பின்னதற்குக் கடனைத் தவிர வேறு வழி இராது. ஆதலால் மருத்துவமனையில் கட்டும் ஒவ்வொரு தொகையையும் ஓராண்டுச் செலவின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு முதல் சில மணி நேரம் மட்டும் விலக்கு. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றியதிலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தவருக்கு அதே ஊசி ஆபத்தாகிவிடும் என்பதால், எது நேர்ந்தது என்பதை சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே முடிவு செய்ய இயலும். எனவே பெயர்பெற்ற மருத்துவமனை எது என்று ஆராய்வதைவிட, இரவிலும் ஸ்கேனும் அந்த ஊசியும் கிடைக்கும் இடம் அருகில் எது என்று 108 ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கேட்பதே பயன் தரும். உயிராபத்தில் வருபவருக்கு முதல் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களுக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துள்ளது.

நோயாளியின் நிலை சற்று நிலைப்பட்டதும், கடன் தேடுவதற்கு முன்பாகக் குடும்பத்திற்கு ஏற்கெனவே உள்ள உரிமைகளைத் தேட வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில், பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குப் பணம் கொடுக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பிள்ளையைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கதவு திறந்தே இருக்கிறது. பிடித்தத்தை மாதந்தோறும் சம்பளச் சீட்டில் பார்ப்பவர்கள்கூட இதை மறந்துவிடுவதுதான் வியப்பு.

நிறுவனம் தரும் குழுக் காப்பீட்டில் பெற்றோரும் சேர்க்கப்பட்டிருந்தால் அறை வாடகையில் கவனம் வேண்டும். காப்பீட்டில் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அறைதான் அனுமதி என்றிருக்க, நோயாளியை 10,000 ரூபாய் அறையில் சேர்த்தால், கூடுதலாகும் 5,000 ரூபாயை மட்டும் கட்டினால் போதும் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பல பாலிசிகளில் 'விகிதாசாரக் கழிவு' என்ற விதி உண்டு. அதாவது, அறைக்குப் பாதி வாடகைதான் அனுமதி என்றால், அறையின் தரத்தை ஒட்டி உயரும் மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியைத்தான் காப்பீட்டு நிறுவனம் தரும். வந்து பார்க்கும் உறவினர்கள் முகம் சுளிப்பார்களே என்று எடுக்கப்படும் தனியறை இவ்வாறு இலட்சக் கணக்கில் வினையாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவதைக் கௌரவக் குறைவாகப் பேசும் உறவினரில் ரசீதைக் கட்ட முன்வருபவர் அரிது என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் பணம் போதாவிட்டால் வரிசை முக்கியம். வருங்கால வைப்பு நிதியில் மருத்துவத்திற்காக எடுக்கும் தொகைக்கு முன்பணம் என்று பெயர் இருந்தாலும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஓய்வுக்காலச் சேமிப்புதான் அந்த அளவுக்குக் குறையும். அடுத்தது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைக்கும் நகைக்கடன். மனைவியின் நகையானால் அவர் மனம் ஒப்பிக் கொடுத்தால் மட்டுமே அதைத் தொடலாம். பிணையில்லாத் தனிநபர் கடனுக்கு வட்டி பொதுவாக இதைவிடக் கூடுதல் என்பதால் அது அதற்கும் பிறகு. கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்திருந்தும், நள்ளிரவில் கையில் ரொக்கம் தருபவர் அந்த வட்டிக்காரர்தான் என்பதால் அந்த வாசலுக்கு ஆள்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்; அப்படியொரு நள்ளிரவு வராமலிருக்க, முதல் நாளிலேயே மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் தோராய மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி வைப்பது உதவும்.

வீடு திரும்பிய பின் வரும் செலவைக் குறைக்கவும் வழிகள் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறை மருத்துவமும் வீட்டிற்கே வருகின்றன; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். சம்பாதிப்பவர் நீண்ட விடுப்பில் வீட்டிலிருந்து வேலையை இழப்பதைவிட, பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அமர்த்துவது பெரும்பாலும் மலிவாகவே முடியும். உடன்பிறந்தவர்களுக்குள் கணக்கு நோட்டு ஒன்று இருப்பதும், தந்தையைக் குளிப்பாட்டி உணவூட்டும் தங்கையின் உழைப்பை அதில் பங்காக எழுதுவதும் பின்னாளைய மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

தந்தையின் சொந்தச் சேமிப்பு வங்கியில் இருக்க, கை செயலிழந்து கையெழுத்திட முடியவில்லை என்பதற்காக அதைத் தொடாமல் வெளியே கடன் வாங்குவதும் நடக்கிறது. நினைவு தெளிவாக உள்ள வாடிக்கையாளர், வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரு சாட்சிகள் முன்னிலையில் விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. வங்கி மேலாளரிடம் மருத்துவச் சான்றைக் காட்டி அதற்கு ஏற்பாடு செய்யும்போது, தந்தைக்குச் சம்மதமானால் தாயின் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக்கும் விண்ணப்பத்தையும் உடன் கொடுத்துவிடலாம்.