கல்கத்தாவின் படித்த வர்க்கமும் தேசியத்தின் பிறப்பும்

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு நாட்டின் தேசிய உணர்வு எங்கே, யாரிடம், எந்தக் காரணத்தால் முதலில் தோன்றுகிறது என்பது வரலாறு படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வியாகும். டமாஸ்கஸ், பெய்ரூத் போன்ற அரபு நகரங்களின் வரலாற்றில் இதற்கு விடை தேடும் அறிஞர்கள் பலர். நமக்கு அருகிலேயே இருக்கும் கல்கத்தாவும், அதாவது இன்றைய கொல்கத்தாவும், அதே அளவுக்குத் தெளிவான சான்றாக விளங்குகிறது. அந்நகரின் படித்த மேல்தட்டினர் இந்தியத் தேசியத்துக்குக் குரல் தந்தனர். அக்குரல் எதுவரை எட்டும் என்ற எல்லையையும் அவர்களே வகுத்துவிட்டனர். இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே நீ படிக்க வேண்டும் என்பதற்காக இக்கடிதம் எழுதப்படுகிறது.

முதலில் அம்மேல்தட்டினர் யார் என்பதை அறிந்துகொள்வது நலம். 1793இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஜமீன்தார்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகையை என்றென்றைக்கும் மாறாதபடி நிர்ணயித்து, குடியானவர்களிடம் குத்தகை வசூலிக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்த ஏற்பாடு அது. காலப்போக்கில் ஜமீன்தாருக்கும் உழுபவருக்கும் நடுவே, குத்தகை உரிமையை வாங்கி மேலும் ஒருவருக்கு உள்குத்தகைக்கு விடும் இடைநிலை உரிமைகள் அடுக்கடுக்காக வளர்ந்தன. அவ்வுரிமைகள் தந்த சிறு வருவாயை நம்பியிருந்த குடும்பங்கள் தம் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்குப் படிக்க அனுப்பின. 1817இல் தொடங்கப்பட்ட இந்துக் கல்லூரியும் 1857இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும் அவர்களை வழக்கறிஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும், இன்னும் பலரை அலுவலகக் குமாஸ்தாக்களாகவும் உருவாக்கின. பெரும்பாலும் பிராமணர், வைத்தியர், காயஸ்தர் ஆகிய மூன்று சாதிகளைச் சேர்ந்த இவர்களே 'பத்ரலோக்' எனப்பட்டனர். உடலுழைப்பில் ஈடுபடாத, கல்வியும் மதிப்பும் உடைய மக்கள் என்ற பொருளில் அப்பெயர் வழங்கியது.

இவ்வர்க்கத்தின் அரசியல் சங்கங்களின் வழியாக வளர்ந்தது. 1851இல் தோன்றிய பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் பெருநில உடைமையாளர்களின் நலனையே முதன்மையாகக் கருதியது. அதில் இடம் கிடைக்காத நடுத்தரப் படிப்பாளிகளுக்காக, 1876 ஜூலை 26 அன்று ஆல்பர்ட் மண்டபத்தில் இந்தியச் சங்கம் தொடங்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்திய சுரேந்திரநாத் பானர்ஜி, ஐ.சி.எஸ். எனப்படும் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வென்று பதவியேற்றும், நடைமுறைப் பிழை ஒன்று காரணமாகக் காட்டப்பட்டு 1874இல் வேலைநீக்கம் செய்யப்பட்டவர். லண்டனில் மட்டுமே நடந்துவந்த அத்தேர்வுக்கான வயது வரம்பு 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டபோது, இந்திய மாணவர்க்கு அக்கதவு ஏறக்குறைய அடைபட்டது. அதை எதிர்த்து அவர் 1877ஆம் ஆண்டிலும் அதை அடுத்தும் வட இந்தியா, பம்பாய், சென்னை எனப் பயணம் செய்து ஆதரவு திரட்டினார். பல மாகாணங்களின் படித்தவர்கள் ஒரே கோரிக்கையின் கீழ் ஒன்றுசேர இப்பயணங்கள் வழிவகுத்தன. காங்கிரஸ் பிறப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1883 டிசம்பரில், அனைத்திந்திய தேசிய மாநாடு ஒன்று அதே ஆல்பர்ட் மண்டபத்தில் கூடியது. இன்று காலேஜ் தெருவில் மாணவர்களும் எழுத்தாளர்களும் நிறைந்திருக்கும் இந்தியன் காபி ஹவுஸ் அக்கட்டடத்தில்தான் இயங்குகிறது.

பதவி கிடைக்காத ஏமாற்றமே இவர்களைத் தேசியவாதிகளாக்கியது என்று இகழ்ந்து பேசுவோர் உண்டு. அது பாதி உண்மையே. தகுதி இருந்தும் நிறத்தின் காரணமாக ஒதுக்கப்பட்டவர், அந்த அவமதிப்பு தமக்கு மட்டும் உரியதன்று, ஆளப்படும் மக்கள் அனைவர்க்கும் நேர்வது என்று உணர்கின்ற இடத்தில் சொந்தக் குறை பொதுக் கோரிக்கையாக மாறுகிறது. இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்க வழிசெய்யும் இல்பர்ட் மசோதாவை, கல்கத்தாவின் ஐரோப்பியர்கள் 1883இல் கிளர்ச்சி செய்து சிதைத்தபோது அம்மாற்றம் விரைவு பெற்றது. அமைப்பாகத் திரள்வோர்க்கே அரசு செவிசாய்க்கும் என்ற பாடத்தை ஆள்வோரிடமிருந்தே ஆளப்படுவோர் கற்றனர்.

அரபு நாடுகளிலும் இதையொத்த போக்கு காணப்படுகிறது. 1858ஆம் ஆண்டு ஒட்டோமான் நிலச் சட்டத்துக்குப் பின் டமாஸ்கஸின் செல்வக் குடும்பங்கள் கிராம நிலங்களையும் அரசுப் பதவிகளையும் ஒருங்கே கைக்கொண்டன. 1908ஆம் ஆண்டு இளந்துருக்கியர் புரட்சியைத் தொடர்ந்து ஆட்சி மேன்மேலும் மையப்படுத்தப்பட்டு, துருக்கி மொழி முதன்மை பெற்றபோது, அக்குடும்பங்களின் படித்த பிள்ளைகள் பலர் அரபு மொழிக்கும் அரபு மாகாணங்களின் உரிமைக்கும் குரலெழுப்பத் தொடங்கினர். 1913 ஜூனில் பாரிஸில் கூடிய அரபு மாநாடு அக்குரலின் வெளிப்பாடு. 1916 மே 6 அன்று பெய்ரூத்திலும் டமாஸ்கஸிலும் ஒட்டோமான் ஆளுநர் ஜமால் பாஷா பலரைத் தூக்கிலிட்டது அதற்கு அவர்கள் கொடுத்த விலை. கிராமத்து நிலம், நகரத்துக் கல்வி, அரசுப் பதவி ஆகிய மூன்றையும் சார்ந்து நின்ற ஒரு வர்க்கம், மூன்றாவதான அரசுப் பதவி ஆட்டம் கண்டபோது அரசியலுக்கு வந்தது என்பதே கல்கத்தா, டமாஸ்கஸ் ஆகிய இரு நகரங்களுக்கும் பொதுவான செய்தி.

கல்கத்தாவின் பெருஞ்சோதனை 1905இல் வந்தது. நிர்வாக வசதிக்காக என்று சொல்லி வைஸ்ராய் கர்சன் பிரபு வங்காளத்தைப் பிரித்தார். ஒன்றுபட்ட வங்காளத்தின் அரசியல் வலிமையைக் குறைப்பதும் நோக்கம் என்பதை உள்துறைச் செயலர் ரிஸ்லியின் குறிப்புகள் காட்டுகின்றன. ஆகஸ்ட் 7 அன்று டவுன் ஹாலில் அயல்பொருள் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேறியது. பிரிவினை நடைமுறைக்கு வந்த அக்டோபர் 16 துக்க நாளாக அனுசரிக்கப்பட்டது; வீடுகளில் அடுப்பு மூட்டப்படவில்லை, மக்கள் கங்கையில் நீராடி வெறுங்காலுடன் ஊர்வலம் சென்றனர், தாகூரின் அழைப்பை ஏற்று ஒருவர் கையில் ஒருவர் ராக்கிக் கயிறு கட்டினர். 1906இல் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அரவிந்தரை முதல்வராகக் கொண்ட வங்க தேசியக் கல்லூரி அதன் கீழ் நடந்தது. இன்றைய ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் அம்முயற்சியின் வழிவந்ததாகும். மனுக் கொடுத்துக் காத்திருந்த ஒரு வர்க்கம் பள்ளியையும் ஆலையையும் தானே அமைக்க முற்பட்டது பெரிய மாற்றம். அப்பெருமையை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆயினும் சுதேசி என்று பெயர்பெற்ற இவ்வியக்கத்தின் எல்லை கிழக்கு வங்காளத்துச் சந்தைகளில் வெளிப்பட்டது. அங்கே உழுபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களும், நாமசூத்திரர் என்னும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆவர். குத்தகை வாங்குவோரில் பெரும்பாலோர் பத்ரலோக் இந்துக்கள். மான்செஸ்டர் துணி விலை குறைவு, உள்நாட்டுத் துணி விலை கூடுதல். கூடுதல் விலைக்கு வாங்கும்படி ஜமீன்தாரின் ஆட்களும் ஊர்ப் பெரியவர்களும் நெருக்கியபோது, வாங்க இயலாத ஏழைக்கு அது விடுதலைப் போராகத் தோன்றவில்லை, பழைய அதிகாரத்தின் புதிய கட்டளையாகவே தோன்றியது. வழக்கறிஞர் அப்துல் ரசூல், லியாகத் உசேன் போன்ற முஸ்லிம் தலைவர்கள் சுதேசி இயக்கத்தில் முன்னணியில் நின்றும் அப்பிளவு மூடவில்லை. 1906 டிசம்பரில் டாக்கா நவாப் சலிமுல்லாவின் முயற்சியால் முஸ்லிம் லீக் உருவானது. 1907இல் மைமன்சிங் பகுதியில் கலவரங்கள் வெடித்தன. வற்புறுத்தலால் வளரும் சுதேசியத்தின் தீமையைக் கண்டு விலகிய தாகூர், 1916இல் வெளிவந்த 'கரே பாயிரே' நாவலில் அதையே கருப்பொருளாக்கினார்.

தமிழ்நாட்டின் அனுபவத்தை இதனோடு ஒப்பிடுவது பயன் தரும். பிரிவினை நாளுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, 1906 அக்டோபர் 16 அன்று, வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1907இல் சென்னைக் கடற்கரையில் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் ஆற்றிய உரைகள் இளைஞர்களை ஈர்த்தன. ஆனால் வ.உ.சி. வழக்கறிஞர்களின் வட்டத்தோடு நிற்காமல், 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் கூலிக்கும் ஓய்வு நாளுக்குமான வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அவர் கைதானபோது திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்ததற்கு இந்த உறவும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

1911இல் பிரிவினை ரத்தாயிற்று. தலைநகரமும் டெல்லிக்குச் சென்றது. நிலச் சிக்கல் மட்டும் அப்படியே நின்றது. 1928இல் வங்காளக் குத்தகைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்துக்கு வந்தபோது காங்கிரஸின் சுயராஜ்யக் கட்சி உறுப்பினர்கள் பொதுவாக நில உடைமையாளர் பக்கமே வாக்களித்தனர். அடுத்த பத்தாண்டில் பஸ்லுல் ஹக்கின் கிருஷக் பிரஜா கட்சி குடியானவர்களின் கோரிக்கையைத் தனதாக்கிக்கொண்டது. 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் நடந்த இந்து-முஸ்லிம் படுகொலைகளின் அச்சமும் சேர்ந்துகொள்ள, 1905இல் பிரிவினையை எதிர்த்துக் கண்ணீர் வடித்த அதே வர்க்கத்தின் பெரும்பகுதி, 1947இல் வங்காளத்தைப் பிரிக்கும்படி தானே கேட்டது.

ஆகவே தங்கையே, எந்த நாட்டுத் தேசிய இயக்கத்தைப் படித்தாலும் அதற்காகப் பேசியவர் யார் என்பதோடு, அதன் சுமையைத் தாங்கியவர் யார் என்பதையும் தவறாமல் கேள். கல்கத்தாவின் படித்தவர்கள் நாடு என்ற எண்ணத்தைப் பலருக்கும் முன்பே கண்டனர். உழுபவரின் நிலக் கேள்விக்கு மட்டும் அவர்கள் விடை தரவில்லை. கல்வி பெற்ற தலைமுறையைச் சேர்ந்த நீ, உன் காலத்தின் பொதுப்பணியில் அக்கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வாயாக.