மைக்ராஸ்கோப் காட்டும் உண்மை: பரிசோதனை இருவருக்கும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் தரம் பிரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மயிர் நீக்கிய தோலைக் கண்ணருகே பிடித்து, "இது வெள்ளாடு, இது செம்மறி" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். மயிர்க்கண்கள் அமைந்திருக்கும் வரிசை இரண்டுக்கும் வேறு வேறு. சந்தேகம் வந்தால் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி லேபில் உள்ள மைக்ராஸ்கோப்பும் இந்த லென்ஸின் வம்சம்தான்.

அது எப்படி வேலை செய்கிறது? அடியில் ஒரு விளக்கு. (நான் படித்த காலத்தில் விளக்குக்குப் பதில், வெயிலைத் திருப்பிவிட ஒரு சின்ன முகக்கண்ணாடி இருந்தது. மேகம் மூடினால் வேலை நிற்கும்.) அந்த ஒளியை ஒரு லென்ஸ் குவித்து, கண்ணாடித் தகட்டில் வைத்த சொட்டின் வழியாக மேலே அனுப்புகிறது. சொட்டுக்கு மேலே உள்ள லென்ஸ் உருவத்தை 40 மடங்கு பெரிதாக்கும். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் அதை இன்னும் 10 மடங்காக்கும். ஆக மொத்தம் 400 மடங்கு.

பெரிதாக்கினால் மட்டும் போதாது. செய்தித்தாள் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள்தான் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. ஒட்டி நிற்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டுவதில்தான் நல்ல லென்ஸின் திறமை இருக்கிறது.

1677-ல் ஹாலந்து தேசத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸில் ஆணின் விந்தைப் பார்த்தார். வாலை ஆட்டிக்கொண்டு எண்ணற்ற அணுக்கள் நீந்தின! தலைப்பிரட்டை மாதிரி உருவம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 20-ல் ஒரு பங்கு. அந்த அணு முட்டைக்குள் போய்ச் சேருவதை, ஏறக்குறைய 200 வருஷம் கழித்து, ஹெர்ட்விக் என்ற ஜெர்மானியர் ஒரு கடல் பிராணியின் முட்டையில் பார்த்து 1876-ல் எழுதினார். ஆண் அணு பாதி, பெண் முட்டை பாதி என்று புரிந்ததே இந்தக் கருவியால்தான்.

நமக்கும் இது புதிதல்ல. 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் உண்டா? காது மடலில் லேசாகக் கீறி எடுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில்தான் கிருமியைத் தேடுவார்கள். தொழுநோய்க்கும் காசநோய்ச் சளிக்கும் லேபுக்குப் போகிறோம். குழந்தை இல்லை என்றால் மட்டும் ஏன் போவதில்லை?

பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் போனபோது, கல்யாணமாகி ஆறு வருஷம். அந்தப் பெண் ஷூ கம்பெனியில் தையல் வேலை. கோயில், தர்கா, நாட்டு மருந்து எல்லாம் அவளுக்கே. மாமியார் மகனிடம், "வேற பொண்ணு பாக்கலாம்டா" என்று என் முன்னாலேயே சொன்னார். கணவர் டேனரியில் டிரம் வேலை பார்ப்பவர். "எனக்கு என்ன சார் கொற? நான் நல்லாத்தான இருக்கேன்" என்றார். அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. லேபில் பார்த்தால், அணு ஒன்றுகூட இல்லை. திரும்பவும் எடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம். வீட்டுக்குப் போனவர் எல்லோர் முன்னாலும், "அம்மா, கொற எங்கிட்டதான். இனிமே அவள ஒண்ணும் சொல்லாத" என்றாராம். அந்தப் பெண்தான் அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னாள்.

குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் குறை தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. தாம்பத்திய சுகத்தில் குறை இல்லாதவருக்கும் விந்தில் அணு இல்லாமல் இருக்கலாம். அதை வெறும் கண்ணால் யாரும் சொல்ல முடியாது. ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் உண்டாகவில்லை என்றால் (மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம்) இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். கணவருக்குச் செய்வது ஊசி, கத்தி இல்லாத சுலபமான சோதனை.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை உறவு கூடாது. லேபில் தரும் டப்பாவிலேயே, கையால், ஒரு சொட்டும் சிந்தாமல் எடுக்க வேண்டும். சோப்பு, எண்ணெய், நிரோத் எதுவும் கூடாது. வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டோடு சட்டைக்குள் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஐஸில் வைக்காதீர்கள். லேபில் அணுக்களை எண்ணுவார்கள், எத்தனை அசைகின்றன என்றும் பார்ப்பார்கள். ஒரு மில்லி விந்தில் 1 கோடியே 60 லட்சத்துக்குக் குறைந்தால் குறைவு என்று கணக்கு. குறைந்தாலே பிள்ளை பிறக்காது என்று அர்த்தமில்லை. அணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். அதனால் சமீபத்தில் கடுமையான ஜுரம் வந்திருந்தால் எண்ணிக்கை இறங்கியிருக்கும், திரும்பப் பார்க்க வேண்டும். பீடி, சாராயப் பழக்கம், டேனரியில் சாயம், கெமிக்கல், ஷூ கம்பெனியில் பசை என்று எந்த வேலை செய்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கணவரின் ரிப்போர்ட் சரியாக இருந்தால் பழி மனைவிமேல் என்று நினைத்துவிட வேண்டாம். மைக்ராஸ்கோப் விந்தைத்தான் காட்டும். கருக்குழாய் அடைப்பு, முட்டை வளர்ச்சி இதெல்லாம் வேறு பரிசோதனை.

குழந்தைகள் போதும் என்று வாசெக்டமி செய்துகொண்ட ஆண்களுக்கும் இதே கண்ணாடித் தகடுதான். ஆபரேஷன் முடிந்த அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, குழாயில் பழைய அணுக்கள் தங்கியிருக்கும். மூன்று மாதம் கழித்து விந்தைப் பரிசோதித்து, அணு இல்லை என்று ரிப்போர்ட் கையில் வரும்வரை நிரோத் உபயோகியுங்கள். அது உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும். எந்த லேபுக்கு எந்த நாளில் போவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.