துளை சின்னதுதான், அவசரம் வேண்டாம்

டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் ‘டென்னிஸ் எல்போ’ அதிகம் வருகிறது. தச்சர், பரோட்டா மாஸ்டர், தினமும் துணி பிழிபவர், நாளெல்லாம் மவுஸ் பிடிப்பவர் என்று பட்டியல் நீளும். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநாண், முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் கத்தி படாமலே குணமாகிவிடும். சின்னத் துளை வழியே செய்யும் நுண்துளை சிகிச்சை மிச்சப் பேருக்கு மட்டும்.

செய்ய வேண்டியவை

• முதலில் ஆறு மாதமாவது, முடிந்தால் ஓராண்டு, பிசியோதெரபி செய்து பாருங்கள். சிறு எடையைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல இறக்கும் பயிற்சி முக்கியம். நான்கு நாள் செய்துவிட்டு ‘பலனில்லை’ என்பது கணக்கில் சேராது.

• வலி முழங்கையிலிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கழுத்து நரம்பு அழுந்தினாலும் கை இப்படித்தான் வலிக்கும்.

• என்ன முறை என்று கேளுங்கள். ஸ்கேனில் பார்த்தபடியே நைந்த நாணை ஊசியால் பலமுறை குத்திவிடுவது ஒன்று. அதிரும் மெல்லிய முனையால் கெட்ட திசுவைக் கரைத்து உறிஞ்சுவது இன்னொன்று. இரண்டுக்கும் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தால் போதும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். மூன்றாவது முறையான ஆர்த்ரோஸ்கோப்பியில் மூட்டுக்குள் கேமரா போகும். மயக்க மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும்.

• சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• முதல் சந்திப்பிலேயே சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு உண்மையான திறந்த அறுவை சிகிச்சை. மீதிப் பேருக்குத் தோலைக் கீறி நாணைத் தொடாமல் மூடிவிட்டார்கள். இரு தரப்பும் ஒரேமாதிரி தேறின. 2018இல் வெளியான அந்த ஆய்வில் 26 பேர்தான் இருந்தார்கள், நுண்துளை முறையும் அதில் இல்லை. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

• ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளாதீர்கள். சில வாரம் சுகம் தரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போடாதவர்களே மேல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

• சிகிச்சை முடிந்த பிறகு, தழும்பு தெரியவில்லை என்பதற்காகக் குடத்தையோ சிலிண்டரையோ தூக்காதீர்கள். தோல் சில நாளில் கூடும், நாண் கூட மாதங்கள் ஆகும். சச்சின் டெண்டுல்கர் 2005 மே மாதம் லண்டனில் முழங்கை அறுவை செய்துகொண்டார். சர்வதேசப் போட்டிக்குத் திரும்பியது அக்டோபரில். பக்கத்திலேயே பிசியோ வைத்திருந்தவருக்கே ஐந்து மாதம்!

• கட்டு வைத்தியரிடம் போய் எண்ணெய் விட்டு நீவாதீர்கள்.

• கையைத் தொட்டிலில் போட்டு அசைக்காமலும் இருக்காதீர்கள். மருத்துவர் வேறு சொல்லாதவரை, விரல்களை அன்றே மடக்கி நீட்டலாம்.

• காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, விரல்களை நிமிர்த்த முடியாத நிலை, இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.