வினாவும் வினவுவோரும்

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகைப்படுத்தியதை எம் கல்லூரி மாணவர் யாவரும் அறிவர். தாம் அறிந்ததொன்றைப் பிறர் அறிவாரோவெனச் சோதிக்க வினவுவது அறிவினா. தாம் அறியாததை அறிதற்பொருட்டு வினவுவது அறியாவினா.

நோயுற்றோரை நேரிற் கண்டு அவர்தம் அநுபவத்தைக் கேட்டெழுதும் சுகாதார ஆய்வாளர் வினவுவது அறியாவினாவேயாம். ஆயினும், அவர் வைத்தியர் கோலத்தில் வந்து நிற்பின், நோயாளர்க்கு அஃது அறிவினாவாகவே தோன்றும். உள்ளதை உரைப்பதை விடுத்து, ஆசிரியர் முன் நிற்கும் மாணவர்போல ஏற்ற விடையைத் தேடுவர். 'மருந்தை ஒழுங்காக உண்டீரா?' என்றால், உண்ணாதவரும் 'உண்டேன்' என்பர். எனவே வினவுபவரது உடல், உடை, வாழ்க்கை வரலாறு ஆகியனவும் விடையை ஆக்குவதிற் பங்கு கொள்கின்றன. இதற்கு இரு சான்றுகளை ஈண்டுக் காட்டுவாம்.

இங்கிலாந்துச் சமூகவியலறிஞர் ஆன் ஓக்லி அம்மையார், முதன்முறை தாயாகும் இலண்டன் பெண்களை, மகப்பேற்றுக்கு முன்னும் பின்னுமாக நான்கு முறை கண்டு வினவினார். ஆய்வாளர் தம் கருத்தையோ வாழ்வையோ வெளியிடலாகாது என்பதே அக்காலத்து நூல்கள் விதித்த முறை. அப்பெண்களோ, தாமும் ஒரு தாயாகிய அவரிடம் 878 வினாக்களைத் திருப்பிக் கேட்டனர். அச்சத்தோடு வினவுவோர் முன் வாய்மூடி இருத்தல் தகாதெனக் கருதி அவர் விடை பகர்ந்தார். 1981இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அதன் நியாயத்தையும் விளக்கினார்.

அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழக மானிடவியற் பேராசிரியர் ரொபேட் மேர்பி, 1950களில் அமேசன் காட்டு முண்டுருக்கு மக்களை ஆராய்ந்தவர். பின்னாளில் முள்ளந்தண்டினுள் வளர்ந்த கட்டியால் நடக்கும் ஆற்றலை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே, தம்மைப்போல் உடலியக்கம் இழந்தோரை ஆராய்ந்தார். தம் உடலையே சான்றாக வைத்து 1987இல் நூலொன்றும் வெளியிட்டார்.

ஒத்த அநுபவமுடையாரே ஆய்வு செய்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. 'உமக்குத் தெரியாததா?' என நோயாளர் பலவற்றைச் சொல்லாது விடுதலும் உண்டு. வினவுபவர் தம் துன்பத்தையே பிறர் வாய்மொழியிற் கேட்டுவிடுதலும் கூடும். ஆதலின், தாம் யாவர், நோயாளர் தம்மை எவ்வாறு கருதினர், தம் வாழ்வு எவ்விடத்துக் குறுக்கிட்டது என்பவற்றையும் விடைகளோடு எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்படாவிடின், பொய்யான விடையும் மெய்யென ஏட்டில் ஏறும். அதனால் வரும் தீங்கு நோயாளரையே சாரும்.

எம் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். இன்று வகுப்பில் நன்னூல் பயில்வோருள்ளும் சிலர் நாளை நோயாளர் அருகில் அமர்வர். அப்பொழுது இவ்விரு வினாக்களின் வேறுபாட்டை அவர் மறவாதிருப்பாராக.