மாவைப் பொங்க வைப்பது யார்?



ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறது. பொங்க வைத்தது யார்? அரிசியிலும் உளுந்திலும் ஒட்டியிருந்த நுண்ணுயிர்கள்தான். அவை மாவிலுள்ள சத்தைத் தின்று பெருகும்போது புளிப்பும் வாயுவும் உண்டாகின்றன. அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது.

நுண்ணுயிர் என்றால் என்ன?

கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்கள். 1670-களில் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லை வழியாகத் தண்ணீரைப் பார்த்தார். அதற்குள் உயிர்கள் நெளிந்தன! அவர் கல்லூரியில் படித்தவர் அல்ல. பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என்று இவற்றில் பல வகை உண்டு. வைரஸ் எல்லாவற்றிலும் சிறியது.

நமக்கு உதவுபவை

பாலைத் தயிராக்குவது பாக்டீரியா. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. குப்பையை மக்கிய எருவாக்குவதும் நுண்ணுயிர்களே. நம் குடலிலும் கோடிக்கணக்கில் இருந்து செரிமானத்துக்கு உதவுகின்றன.

நோய் தருபவை

வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு கிருமிகள் மலத்திலிருந்து கை, ஈ, தண்ணீர் வழியாக வாய்க்கு வருகின்றன. இவற்றைத் தடுக்கும் வழி நமக்குத் தெரிந்ததுதான். கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆகுமா? ஆகாது. சூட்டில் பாக்டீரியா செத்துப் போகும். குடிதண்ணீருக்கும் இதே பாடம்தான். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து, ஆறவைத்து, மூடி வைப்போம். கையை விடாமல் கரண்டியால் மொண்டு எடுப்போம். மலம் கழித்த பிறகும், குழந்தைக்குக் கால் கழுவி விட்ட பிறகும், சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்.

பிள்ளைக்குப் பேதியானால்

"பேதி நிக்கிற வரைக்கும் தண்ணி குடுக்காதே" என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்கக் கூடாது. பேதியில் பிள்ளையின் உயிருக்கு வரும் பெரிய ஆபத்தே உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான். உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால், 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலக்கவும். ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடவே கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி 14 நாள் கொடுக்கவும்.

கண் குழி விழுந்தாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

கடையில் நாமாகக் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அது வைரஸைக் கொல்லாது. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் தெருக் குழாயடியில் சாக்கடை தேங்குகிறதா? யாரிடம் மனு கொடுப்பது?
2. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது?
3. அடுத்த கூட்டத்தில் ஒருவர் கரைசல் கலந்து காட்டட்டும். மற்றவர்கள் அளவு சரிதானா என்று பார்ப்போம்.

மாவைப் பொங்க வைக்கத் தெரிந்த நமக்கு, நோய்க் கிருமியை அடக்கவும் தெரியும்.