ஆப் கடையில் உள்ள குறைகள்



மளிகைக்கு ஒரு கடை, பட்டு நூலுக்கு ஒரு கடை இருக்கிற மாதிரி போனுக்குள்ளேயும் ஒரு கடை இருக்கிறது. அதுதான் ஆப் கடை. ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் 500 ஆப்களோடு தன் கடையைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் 'ஆண்ட்ராய்டு மார்க்கெட்' திறந்தது. 2012-ல் அதன் பெயர் 'கூகுள் பிளே' என்று மாறியது. நம் நாட்டில் பத்து போனில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டு. அதனால் நம்மில் பலருக்குத் தெரிந்த கடை இதுதான்.

இந்தக் கடைக்கு ஒரு பக்கம் ஆப்பை எடுப்பவர், இன்னொரு பக்கம் ஆப்பைச் செய்பவர். நடுவில் கடைக்காரர் சொல்வதே சட்டம். இதனால் இரு பக்கமும் என்ன கஷ்டம்? நம்ம ஊர்ப் பட்டுச் சேலையை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

1. எடுப்பவருக்கு உள்ள குறைகள்

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இருந்தாலும் விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டுன்னு சொல்லி விற்பவர்களும் உண்டு. ஆனால் சேலையைத் தொட்டுப் பார்க்கலாம். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று கருவி வைத்துச் சோதிக்கலாம். ஆப்பை அப்படித் தொட்டுப் பார்க்க முடியாது. படம், நட்சத்திரம், எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண் மட்டும்தான் தெரியும். காசு கொடுத்து நட்சத்திரம் போடச் சொல்றவங்களும் இருக்காங்க.

இதில் பெரிய ஆபத்து கடன் ஆப். பாவு வாங்கப் பணம் இல்லாத ஒருவர் அவசரத்துக்கு ஐயாயிரம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பைப் போட்டதும் 'போன் நம்பர்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா' என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் போச்சு. தவணை தவறியதும் சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லாருக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்துவார்கள். இதனால் உயிரை விட்டவர்கள் நம் மாநிலத்திலும் உண்டு.

ரிசர்வ் வங்கியின் குழு 2021 ஜனவரி, பிப்ரவரியில் கணக்கெடுத்தது. 80-க்கும் மேற்பட்ட ஆப் கடைகளில் சுமார் 1,100 கடன் ஆப்கள் இருந்தன. அதில் 600 சட்டவிரோதமானவை! 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200-க்கும் மேற்பட்ட கடன் ஆப்களை கூகுள் நீக்கியதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. கடன் ஆப்கள் போன் நம்பர்களையும் படங்களையும் பார்க்கக் கூடாது என்ற கூகுளின் விதி 2023 மே மாதக் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் பாதிக்கப்பட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

2. செய்பவருக்கு உள்ள குறைகள்

முதல் குறை கமிஷன். ஆப்புக்குள் 100 ரூபாய்க்கு விற்றால் 30 ரூபாய் கடைக்கு என்பதுதான் இரண்டு கடைகளிலும் இருந்த பழைய கணக்கு. 2021-ல் இரண்டுமே சிறியவர்களுக்கு 15 ஆகக் குறைத்தன.

இரண்டாவது, போக வேறு கடை இல்லாதது. தன் வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் போட்டது. (2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை 216 கோடியாகக் குறைத்தது.) அதன் பிறகு வேறு வழியில் பணம் வாங்க கூகுள் அனுமதித்தது. ஆனாலும் 11 முதல் 26 சதவீதம் கட்டணம் கேட்டது. சில நிறுவனங்கள் அதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின.

2024 மார்ச் 1 அன்று, கட்டணம் கட்டவில்லை என்று பல இந்திய ஆப்களை கூகுள் நீக்கியது. சென்னையில் உள்ள பாரத் மேட்ரிமோனியின் ஆப்களும் அதில் போயின. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாளில் திரும்ப வந்தன. பெரிய கம்பெனிக்காக அமைச்சரே பேசினார். நம்மைப் போல ஒரு கிராமத்துப் பிள்ளை செய்த ஆப்பை நீக்கினால் யார் பேசுவார்?

3. கடைக்காரர் பக்க நியாயம்

கடை நடத்தவும் திருட்டு ஆப்களைப் பிடிக்கவும் செலவாகும் என்கிறது கூகுள். அது உண்மைதான். அப்படியானால் கடைகள் அதிகமானால் போதுமா? 2024 பிப்ரவரியில் போன்பே நிறுவனம் 'இண்டஸ்' என்ற கடையைத் திறந்தது. அதில் தமிழிலும் பார்க்கலாம். இது நல்லதுதான். ஆனால் ரிசர்வ் வங்கிக் குழு பார்த்தது 80-க்கும் மேற்பட்ட கடைகள். அங்கேயும் திருட்டு ஆப் இருந்ததே! ஆகவே கடை பல இருந்தால் மட்டும் போதாது. ஜரிகையை விற்பவரே அதைச் சோதித்துச் சான்றும் கொடுத்தால் நாம் நம்புவோமா? ஆப்பையும் வெளியாள் ஒருவர் சோதிக்க வேண்டும். நீக்கினால் காரணம் சொல்லி, முறையிடவும் இடம் தர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

* ஆப்பின் பெயரை மட்டும் பார்க்காமல், செய்தவர் பெயரையும் பாருங்கள்.
* டார்ச் லைட் ஆப்புக்கு போன் நம்பர்கள் எதுக்கு? தேவை இல்லாததைக் கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்துங்கள்.
* நட்சத்திரம் குறைவாகப் போட்டவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள்.
* கடன் ஆப் பற்றி வீட்டில் அம்மா அப்பாவிடம் பேசுங்கள்.
* பணம் ஏமாந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். மறைத்து வைப்பதுதான் மிரட்டுபவருக்கு பலம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதம் 50 ரூபாய் வீதம் 200 பேர் ஒரு ஆப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். கமிஷன் 15 சதவீதம் என்றால் செய்தவர் கைக்கு எவ்வளவு? 30 சதவீதம் என்றால் எவ்வளவு? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலில் எழுதுங்கள்.



- 9-ஆம் வகுப்பு மாணவி, முசரவாக்கம்